ஸ்ட்ரைக்கரை விடாத மனிதர்

எங்கள் கேரம் கிளப்பின் தலைவர் ஒரு காயை அடிப்பதற்குள் கீழே கடையில் டீ சொல்லி, அது மாடிக்கு வந்து, ஆறி, மேலே ஆடை கட்டிவிடும். முதலில் ஸ்ட்ரைக்கரை வேட்டி நுனியில் துடைப்பார். கோட்டின் மேல் வைப்பார். எடுப்பார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, காய்க்கும் குழிக்கும் நடுவில் இருக்கும் நாலு விரல் தூரத்தை நிலம் அளக்க வந்தவர் மாதிரி பார்ப்பார். பவுடர் பற்றாது என்பார். செயலாளர் ஓடிவந்து தூவுவார். அதிகமாகிவிட்டது என்பார். செயலாளர் துடைப்பார். பிறகு விரலை மடக்கி ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் கொண்டுவருவார். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடிப்போம். அவர் விரலை எடுத்துவிட்டு, "அன்னிக்கு தாலுகா ஆபீஸ்ல இன்னா நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பார்.

கதை முடிந்ததும் அடிப்பார். பெரும்பாலும் விழாது. விழாததற்கு மின்விசிறி காரணமாக இருக்கும்.

கிளப் என்று பெரிதாகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பைக் உதிரிபாகங்கள் விற்கும் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. இரண்டு போர்டுகள். ஒன்று நடுவில் பள்ளம் விழுந்தது, அதில் ஆடினால் காய் தானாகவே நடுவுக்குத் திரும்பி வரும். இன்னொன்று நல்ல போர்டு. அதற்கு மேலே தகரத் தொப்பி போட்ட விளக்கு தாழ்வாகத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். பெரும்பாலும் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வருகிறவர்கள், மதியம் ஷிஃப்ட்டுக்குப் போவதற்கு முன் ஒரு ஆட்டம் போடலாம் என்று சாப்பாட்டுப் பையோடு வருகிறவர்கள். நல்ல போர்டு ஒன்றுதான் என்பதால் ஜெயித்தவர் உட்காருவார், தோற்றவர் எழுந்து அடுத்த ஆளுக்கு இடம் கொடுப்பார். இதைத் தவிர அங்கே பெரிய சட்டம் எதுவும் கிடையாது. எதிராளி அடிக்கும்போது பேசக்கூடாது, போர்டைத் தொடக்கூடாது, காயை வாயால் ஊதக்கூடாது, உன் முறை வந்தால் அடித்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும், ஆட்டம் முடிந்தால் கை கொடுக்க வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த மரியாதைகள் இவை. தலைவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

கட்டடம் அவருடையது. அதனால்தான் தலைவர். ஆரம்பாக்கம் பக்கம் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம், அதில் ஒரு பகுதி இப்போது சுற்றுச்சுவர் கட்டிய குடோன்கள். கிளப்பில் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் அவரை அப்படிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை, "டாடி" என்பார்கள். அவர் பெற்ற பிள்ளைகளே விட்டுவிட்ட ஒரு சொல்லை, அவரைவிட வயதில் மூத்த வெல்டர்கூட வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கேரம் கற்றது கல்லூரி விடுதியில். அங்கே எங்களுக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை, மழை நாட்களில் நாள் முழுக்க ஆடுவோம், கை நன்றாகவே பழகிவிட்டது. கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்த பிறகு, கடைக்குப் போகிறபோது மாடியிலிருந்து காய் குழியில் விழுகிற சத்தம் கேட்கும். பல மாதம் கேட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போனேன். செயலாளர், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், திடுக்கிட்டுப் போய், "லேடீஸ்க்கு வேணா தனியா ஒரு டைம் வெச்சிடலாம் மேடம்" என்றார். அந்த ஊரில் அந்த மாடிக்கு ஏறிய ஒரே பெண் நான்தான். தனியாக ஒரு டைம் வைத்தால் நான் என்னோடே ஆட வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரிசையில் உட்கார்ந்தேன்.

தலைவர் அப்போது ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எந்த ஊரும்மா நீ?"

"ஆரம்பாக்கம்."

"ஆரம்பாக்கத்துல எந்தப் பக்கம்?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை யாரும் முகவரி தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. "ஸ்டேஷன் பக்கம்" என்றேன். அவர் புரிந்துகொண்டதுபோல் சிரித்தார். என் அம்மா அவர் வகையறாவின் வயல்களில் நடவு நட்டவள். விடிந்ததிலிருந்து பெண்கள் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்திருப்பார்களாம், வீட்டிலிருந்து ஒரு ஆள் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு வந்து "எறங்குங்க" என்று சொன்னால்தான் இறங்க வேண்டுமாம். பிறகு சிப்காட்டில் ஒரு செருப்புத் தொழிற்சாலை வந்தது, அம்மா அங்கே போய்விட்டாள். அங்கே மணி அடித்தால் எல்லோருக்கும் அடித்ததுதான் என்று பெருமையாகச் சொல்வாள். இதையெல்லாம் நான் அன்றைக்கு நினைக்கவில்லை. பத்துப் பேர் சுவரோரம் உட்கார்ந்து ஒருவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்த காட்சியைச் சில வாரங்கள் பார்த்த பிறகுதான் அந்த வரப்பு ஞாபகத்துக்கு வந்தது.

ஏனென்றால் அவருடைய நிதானம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லை. பக்கத்துத் தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர் ஒருவர் எப்போதாவது வருவார். அவரோடு ஆடும்போது தலைவர் வைப்பார், அடிப்பார், அவ்வளவுதான். பவுடர் போதும், மின்விசிறி போதும், தாலுகா ஆபீஸ் கதை கிடையாது. "சாருக்கு டைம் இல்ல" என்று செயலாளரை வேறு விரட்டுவார். மேனேஜர் படி இறங்கியதும் அடுத்து உட்காருகிறவன் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் வேட்டி நுனி மறுபடி வெளியே வந்துவிடும். எதிராளி எவ்வளவு சின்ன ஆளோ அவ்வளவு நீளம் அவருடைய யோசனை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. மற்றவர்களும் கண்டிருப்பார்கள். கண்டுவிட்டு டீ குடித்தார்கள்.

எதிராளியின் முறை வரும்போது அவரிடம் பொறுமை கிடையாது. விரல் மடங்கும் நேரம் பார்த்துத் தொண்டையைக் கனைப்பார். "கட் அட்ச்சா மைனஸ் பூடும், பாத்துக்க" என்பார். அறிவுரையாம். சொன்னால் கேட்டுக் கை தயங்கும், ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போகும், போட்ட காய் ஒன்றை எடுத்து வெளியே வைக்க வேண்டியிருக்கும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சுவரோரம் திரும்பிப் பார்ப்பார். சுவரோரம் சிரிக்கும். மாடிப்படியில் இறங்கும்போது அதே ஆட்கள், "இந்தாளோட பேஜாரா பூடுச்சுப்பா, ஒரு ஞாயித்துக்கெழமை வீணா பூது" என்று புலம்புவார்கள். கடைசிப் படியில் அந்தப் புலம்பலைத் துடைத்துவிட்டு வெளியே போவார்கள். அடுத்த வாரம் வந்து "வணக்கம் நைனா" என்பார்கள். தலைவர் மேல் எனக்கு இருந்தது வெறும் எரிச்சல்தான். இவர்கள் மேல் வந்தது வேறு. அதை மரியாதையாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

அங்கே எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது ஒருவன்தான். அத்திப்பட்டில் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, கிரேன் ஓட்டுகிறவன். முப்பது வயது இருக்கும். சட்டென்று அடிப்பான், சட்டென்று கோபப்படுவான், தோற்றால் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்வான், பிறகு என் பக்கம் பார்த்து "சாரிக்கா" என்பான். ஆட்டத்தில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, ஆனால் அவனோடு ஆடினால் ஒரு ஆட்டம் ஆடிய மாதிரி இருக்கும். காயும் விழும், பேச்சும் நடக்கும், நேரமும் மிச்சமிருக்கும்.

ஆயுத பூஜை விடுமுறையில் கிளப்புக்குள் ஒரு போட்டி வைக்கலாம் என்று செயலாளர் ஆரம்பித்தார். ஒரு கோப்பை, ஒரு ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸில் தலைவரின் படம். எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். இதை அவர் கேட்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"வெளியில நடக்கிற போட்டிகள்ல முறை வந்தா பதினஞ்சு செகண்டுக்குள்ள அடிக்கணும். இங்கயும் அதை வெச்சா எல்லாருக்கும் நேரம் மிச்சம். ஷிஃப்ட்டுக்குப் போறவங்க இருக்காங்க" என்றேன்.

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். செயலாளர்தான் பேசினார். "இன்னா மேடம், நம்ம இன்னா இண்டியாவுக்கா ஆடப் போறோம்? ஜாலியா ஆடறதுக்கு வந்துக்கிறோம்."

"ஒருத்தர் ஜாலியா ஆடுறார். மத்தவங்க உட்கார்ந்திருக்கோம்."

"சரி, கை தூக்குங்கப்பா. யார் யாருக்கு இது வேணும்?"

அத்திப்பட்டுக்காரன் கையைத் தூக்கினான். நான் தூக்கினேன். போன வாரம்தான் படிக்கட்டில் நின்று என்னிடம், "யார்னா சொல்லணும் மேடம், நீங்கதான் சொல்லணும்" என்று கெஞ்சிய இரண்டு பேர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் செல்போனில் இல்லாத மெசேஜைப் படித்தார். இன்னொருவர் செருப்பின் வாரைச் சரிசெய்தார். அவ்வளவு கவனமாகச் செருப்பு வார் சரிசெய்த ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"பாத்தியா" என்றார் தலைவர், ஜன்னலிடம்.

போட்டி நடந்தது. என் பக்கத்து ஆட்டங்கள் சீக்கிரம் முடிந்து நான் இறுதிக்கு வந்துவிட்டேன். மறுபக்கம் அரையிறுதி, தலைவருக்கும் அத்திப்பட்டுக்காரனுக்கும். அவனுக்கு அன்று மதியம் ஷிஃப்ட். அதை முதலிலேயே சொல்லித்தான் காலை நேரம் கேட்டு வாங்கினான். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிகிற ஆட்டம்.

அவன் நன்றாக ஆடினான். சிவப்புக் காயான ரெட்டைப் போட்டு, அது கணக்கில் சேர உடனே போட வேண்டிய ஃபாலோ காயையும் போட்டு, முதல் இரண்டு சுற்றையும் ஜெயித்துவிட்டான். தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம், அவர் பார்த்ததை. அதற்குப் பிறகு அவர் அடித்த ஒவ்வொரு அடியும் ஒரு கல்யாணம். துடைத்தார், வைத்தார், எழுந்து தண்ணீர் குடித்தார், மூக்குக் கண்ணாடி வேண்டும் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பினார். கண்ணாடி வந்த பிறகு அதைத் துடைத்தார்.

அவன் முதலில் பணிவாகத்தான் கேட்டான். "நைனா, எனக்கு வண்டி வந்துரும். கொஞ்சம் சீக்கிரம்."

"ஆட்டம்னா பொறுமை வேணும்பா. அவசரப்பட்டா ஆவுமா?"

"அவசரம் இல்ல நைனா. லேட்டா போனா உள்ள உட மாட்டாங்க."

"அப்போ லீவு போட்டுக்கினு வந்துருக்கணும்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. எடுத்தார். போர்வெல் போடுகிற ஆள். எந்த மூலையில் போடுவது, எத்தனை அடி போடுவது என்று பேச்சு நீண்டது. இடது கையில் போன், வலது கையில் ஸ்ட்ரைக்கர். அதைக் கீழே வைத்தால் முறை போய்விடும் என்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். நான் செயலாளரிடம், "இதை நிறுத்தச் சொல்லுங்க. நீங்கதானே அம்பயர்" என்றேன். "முக்கியமான போன் போல மேடம்" என்றார்.

அத்திப்பட்டுக்காரன் எழுந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன், எனக்கு உள்ளுக்குள் ஆசையாகக்கூட இருந்தது. அவன் திட்டவில்லை. போர்டுக்கு மேலே கையை நீட்டினான், ஆட்டம் முடிந்தால் கொடுக்கிற கை. தலைவர் அந்தக் கையைப் பார்த்தார், போனில் "ஆங், சொல்லு" என்றார், கொடுக்கவில்லை. அவன் கை கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சத்தில் அப்படியே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டான்.

தலைவர் போனை வைத்தார். காலி நாற்காலியைப் பார்த்து, "இன்னா, பூட்டானா?" என்றார். செயலாளர் "வாக்ஓவர் நைனா" என்றார். கை தட்டினார்கள். உண்மையிலேயே தட்டினார்கள். படம்கூட எடுத்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த ஒருவர், எதிராளியின் பேருந்தை வைத்து ஜெயித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி முகத்தைச் சரிசெய்து படத்துக்கு நின்றார்.

இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிறு. அன்று என் கணவர் காலையிலேயே ரயிலேறி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அவரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குப் பதில் நேராக மாடிக்குப் போனேன். கடை இன்னும் திறக்கவில்லை. படி ஏறும்போதே சத்தம் கேட்டது. டக், டக் என்று இடைவெளியே இல்லாமல் காய் விழுகிற சத்தம். யாரோ நல்ல ஆட்டக்காரர் இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று நினைத்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

தலைவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்துக்கும் அவரே. ஒரு பக்கம் அடிப்பார், போர்டைச் சுற்றி வந்து மறுபக்கம் உட்காராமலே அடிப்பார். ஸ்ட்ரைக்கரை வைப்பதும் விரல் போவதும் ஒரே அசைவு. தன் பக்கத்துச் சட்டத்தை ஒட்டிக் கிடந்த காயை, ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் தட்டித் திரும்பி வரவைத்துப் போட்டார், அதைப் போட்டேன் என்று நின்று பார்க்கக்கூட இல்லை. வேட்டி நுனியை அவர் தொடவே இல்லை. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அப்படியே திரும்பிக் கீழே இறங்கினேன். எதிர்க் கடையில் நாஷ்டா முடித்துவிட்டு, எல்லோரும் ஏறிப் போன பிறகு ஏறினேன். அதுவரை அவரைப் பற்றி எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வயதான மனிதர், கை வராது, வராததை மறைக்க நேரம் கடத்துகிறார் என்கிற சமாதானம். அதுவும் போய்விட்டது. நாலு பேர் முன்னால் தவறிவிடுவோமோ என்கிற பயமாக இருக்கலாம், பாவம் என்று பிற்பாடு என் கணவர் சொன்னார். இருக்கலாம். தன் பயத்துக்கு அடுத்தவனுடைய ஷிஃப்ட்டை எடுத்துக் கொடுக்கிறவனைப் பாவம் என்று சொல்ல எனக்கு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. சுவரோரம் நிறைந்திருந்தது. அத்திப்பட்டுக்காரனும் வந்திருந்தான், கதவுக்குப் பக்கத்தில் நின்றான், உள்ளே உட்காரவில்லை. நான் உடைத்தேன், இரண்டு வெள்ளை விழுந்தன, மூன்றாவது நின்றது. தலைவர் ஸ்ட்ரைக்கரை வாங்கினார். வேட்டி நுனி வந்தது. வைத்தார், எடுத்தார், குனிந்தார். பவுடர் கேட்டார். செயலாளர் தூவினார். நான் பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். எதிராளி அடிக்கும்போது பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அடிக்கவில்லையே.

"காலையில தனியா எவ்வளவு நல்லா ஆடினீங்க" என்றேன். "அதே மாதிரி ஆடுங்களேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கதவு தெறந்திருந்துச்சு. பாத்தேன். அவ்வளவு வேகமா, அவ்வளவு அழகா ஆடுற ஆளை இந்த கிளப்புல நான் பாத்ததே இல்ல. நெஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னேன். பாராட்டைக் கேட்டு ஒரு மனிதரின் முகம் அப்படிச் சிவந்ததை நான் பார்த்ததில்லை. கதவுப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு மட்டும் வந்தது.

தலைவர் குனிந்தார். வைத்தார், அடித்தார். காய் விழுந்தது. வைத்தார், அடித்தார், விழுந்தது. காலையில் கேட்ட அதே சத்தம். எங்கேயோ மறைத்து வைத்திருந்ததை வெளியே எடுத்துவிட்டதுபோல அடுத்தடுத்து விழுந்தன. ரெட்டும் விழுந்தது. ஒரு நிமிடம் எனக்கு எல்லாம் மறந்து, நான் தோற்கப்போகிறேன், தோற்றாலும் பரவாயில்லை என்று தோன்றியது. ஃபாலோவுக்குக் குழி வாயிலேயே ஒரு கறுப்பு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவர் அடித்தார். கறுப்பு விழுந்தது, பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் உருண்டு போய் விழுந்தது.

மைனஸ். ரெட்டைத் திருப்பி நடுவில் வைக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்தார். "எனக்கு வேலை இருக்குது" என்றார். போர்டுக்கு மேலே கையை நீட்டினேன். பார்க்காமல் போனார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள மட்டும் அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

செயலாளர் அறிவித்தார்: "ஃபைனல் ஒத்திவைக்கப்படுகிறது."

"வாக்ஓவர்னு ஒண்ணு இருக்குதே. போன வாரம் கூட இருந்துச்சே" என்றான் கதவருகே நின்றவன்.

"அது வேற, இது வேறப்பா."

அன்று மாலையே செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "மேடம், ஒரு சாரி சொல்லிடுங்க. பெரிய மனுஷன். மனசு ஒடஞ்சு பூட்டாரு" என்றார்.

"நல்லா ஆடினீங்கன்னு சொன்னேன். அதுக்கு இன்னா சாரி?"

"அத நாலு பேர் முன்னால சொல்லலாமா?"

நான் சாரி சொல்லப் போகவில்லை. அடுத்த ஞாயிறு மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. இரண்டு மாதத்துக்குள் அந்த அறை ஒரு கூரியர் கம்பெனிக்குப் போய்விட்டது. போர்டுகள் தலைவர் வீட்டுக் கொட்டகைக்குப் போயின என்று கேள்வி. உறுப்பினர்கள் என்னை வழியில் பார்த்தால், "உங்களாலதான் மேடம்" என்றார்கள், கோபமாகக்கூட இல்லை, ஏதோ விலைவாசியைப் பற்றிச் சொல்வதுபோல. செருப்பு வாரைச் சரிசெய்தவரும் சொன்னார். அவரிடம் மட்டும், "நீங்க ஒரு கை தூக்கியிருந்தா இது எதுவும் நடந்திருக்காது" என்றேன். "எனக்கு இன்னாத்துக்கும்மா வம்பு" என்று போய்விட்டார். தலைவர் அவருடைய கொட்டகையில் போர்டைப் போட்டு, சிலரை மட்டும் கூப்பிடுகிறார் என்று பிறகு தெரிந்தது. போகிறவர்களில் செருப்பு வார்க்காரரும் ஒருவர். அங்கே உட்கார்ந்து காத்திருக்கிறாராம், ஞாயிறு தவறாமல்.

அத்திப்பட்டுக்காரன் எங்கிருந்தோ ஒரு பழைய போர்டைக் கொண்டுவந்தான். சிப்காட் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை, பின்னால் தகரக் கூரை போட்ட இடம், தண்ணீர் ட்ரம் மேல் போர்டு. ஞாயிறு மதியத்துக்கு மேல் ஆடுவோம். கடைக்காரர் முதலில் என்னைப் பார்த்துத் தயங்கினார், பிறகு நாற்காலி போட்டார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தமிழ் பாதி புரியும், எனக்கு இந்தி கால்வாசி புரியும். உன் முறை, என் முறை என்பதற்கு விரல் போதும். ஷிஃப்ட் வண்டி வருகிற நேரம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் ஸ்ட்ரைக்கரைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை. தோற்றவர்கள் எழுந்து, இரண்டு கையாலும் கை கொடுத்துவிட்டு டீ டம்ளரைத் தேடிப் போவார்கள். ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்கள் இங்கேயும் உண்டு, கத்துகிறவர்கள் உண்டு. அத்திப்பட்டுக்காரனே போன மாதம் ஒரு காய்க்காக ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அது கால் மணி நேரத்தில் முடிந்துபோகிற சண்டை.

சில வாரங்களுக்கு முன்னால் செயலாளர் அங்கே வந்தார். தற்செயலாக வந்ததுபோல ஒரு சமோசா வாங்கிக்கொண்டு, கூரைக்குக் கீழே வந்து நின்றார். நானும் ஒரு ஒடிசாக்காரரும் ஆடிக்கொண்டிருந்தோம். சாயங்காலம், மேற்கிலிருந்து மட்டும்தான் வெளிச்சம்.

"நல்லாத்தான் நடக்குது" என்றார் செயலாளர். "இத ஒரு முறையா பண்ணலாம் மேடம். ஒரு பேர் வெக்கலாம். போர்டு வாங்கலாம். யார்னா ஒரு பெரிய மனுஷனா பாத்து தலைவரா போடணும். நான் வேணா பேசிப் பாக்கறேன்."

யாரும் நிமிரவில்லை. ஒடிசாக்காரர் ரெட்டுக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ்," என்றான் அத்திப்பட்டுக்காரன், "கொஞ்சம் நவுந்து நில்லு. போர்டு மேல நெயலு விழுது."

அவர் சமோசாவோடு நகர்ந்து நின்றார். ரெட் விழுந்தது.